தண்டனை எதற்காக? பதிலடியா, பாதுகாப்பா, திருத்தமா – கிறிஸ்தவம் என்ன சொல்கிறது?

பகாவ் வட்டாரத் தோட்டங்களில், கெடிஸ் ஆகட்டும், செயின்ட் ஹெலியர் ஆகட்டும், ஒரு பையன் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டான் என்ற செய்தி பரவினால் இரண்டு விதமான பேச்சு கேட்கும். ஒன்று, “செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும், அப்பதான் மத்தவனுக்குப் புத்தி வரும்.” இன்னொன்று, “சின்னப் பையன், பாவம், திருந்தி வரட்டும்.” பல சமயம் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று.

தண்டனை எதற்காக என்ற பழைய கேள்வி அந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே இருக்கிறது. செய்த குற்றத்துக்குப் பதிலடியா? மற்றவர்களுக்கு எச்சரிக்கையா? சமுதாயத்தைக் காப்பாற்றவா? அல்லது குற்றவாளியைத் திருத்தவா?

மலேசியாவில் இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. கட்டாய மரண தண்டனையை அகற்றும் சட்டம் 2023 ஜூலை 4-ஆம் தேதி அமலுக்கு வந்ததிலிருந்து, கொலை வழக்கிலும் போதைப்பொருள் கடத்தல் வழக்கிலும் உயிரா சிறையா என்று ஒவ்வொரு முறையும் நீதிபதி எடைபோட வேண்டியிருக்கிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். தோட்டத் தமிழர்களிடையே கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லூத்தரன், பெந்தெகொஸ்தே என்று பல பிரிவினர் உண்டு. இவர்களின் சமயம் தண்டனையைப் பற்றி என்ன சொல்கிறது? “மன்னித்துவிடு” என்பது மட்டும்தானா? இல்லை. விடை அவ்வளவு எளிதானது அல்ல.

முதலில், சட்டத்தில் என்ன மாறியது?

முன்பு கொலை போன்ற சில குற்றங்கள் நிரூபணமானால் நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. தூக்குத் தண்டனைதான். குற்றவாளியின் மனநிலை, குற்றத்தில் அவருடைய பங்கு எதையும் தண்டனையில் கணக்கில் எடுக்க முடியாது.

2023 ஏப்ரல் 3-ஆம் தேதி மக்களவையும், ஏப்ரல் 11-ஆம் தேதி மேலவையும் நிறைவேற்றிய சட்டம் அந்தக் ‘கட்டாயம்’ என்ற சொல்லை எடுத்தது. மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்காவிட்டால் 30 முதல் 40 ஆண்டு சிறையும், குறைந்தது 12 பிரம்படியும் விதிக்கலாம். ஏற்கெனவே மரண தண்டனை பெற்றவர்கள் தங்கள் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு செய்யக் கேட்கவும் தனிச் சட்டம் வந்தது. அது 2023 செப்டம்பர் 12-ஆம் தேதி அமலானது. சட்டம் நிறைவேறிய சமயத்தில் நாட்டில் 1,300-க்கும் மேற்பட்டோர் மரண தண்டனைக் கைதிகளாக இருந்தனர்.

எதை வைத்து நீதிபதி எடைபோடுவது? பதிலடி, எச்சரிக்கை, பாதுகாப்பு, திருத்தம் என்று தண்டனையின் நோக்கங்களைச் சட்டக் கல்லூரிகளில் நான்காகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். கிறிஸ்தவ மரபு இந்த நான்கையும் பேசியிருக்கிறது. கூடவே ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறது. உடைந்த உறவைச் சீர்செய்வது.

‘கண்ணுக்குக் கண்’ என்பது பழிவாங்கச் சொல்கிறதா?

கத்தோலிக்கர் ‘விடுதலைப் பயணம்’ என்றும், மற்ற சபையார் ‘யாத்திராகமம்’ என்றும் அழைக்கும் நூலில் இந்த விதி வருகிறது. பலர் இதைப் பழிவாங்கும் அனுமதி என்று நினைக்கிறார்கள். ஆனால் இறையியலாளர்கள் பலர் இதை ஓர் எல்லைக்கோடாகப் படிக்கிறார்கள். ஒரு கண் போனதற்கு ஓர் உயிரையோ, ஒரு குடும்பத்தையோ எடுக்காதே. தண்டனை குற்றத்தின் அளவைத் தாண்டக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

அதே பழைய ஏற்பாட்டில் வேறு இரண்டு விஷயங்களும் உண்டு. மனிதனின் இரத்தத்தைச் சிந்துகிறவன் இரத்தமும் சிந்தப்படும் என்ற கருத்து ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தில் வருகிறது. மரண தண்டனையை ஆதரிக்கும் கிறிஸ்தவர்களின் முக்கிய ஆதாரம் இதுதான். மனிதன் கடவுளின் சாயல், ஆகவே அவனைக் கொல்வதற்கு ஈடான தண்டனை உயிர்தான் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் அதற்குச் சில அதிகாரங்கள் முன்னால், உலகின் முதல் கொலைகாரனாக வரும் காயினைக் கடவுள் கொல்லவில்லை. நாடு கடத்துகிறார். வேறு யாரும் அவனைக் கொல்லாதபடி ஓர் அடையாளமும் போடுகிறார். மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் காட்டுவது இதை. ஒரே நூல், இரண்டு பக்கமும் ஆதாரம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஒரே ஒரு சாட்சியை வைத்து யாருக்கும் மரண தண்டனை விதிக்கக்கூடாது என்று உபாகமம் சொல்கிறது. தண்டனை கடுமையாக இருந்தால் நிரூபணமும் அந்த அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில், போதைப்பொருள் வழக்குகளில் ஓர் அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை ஏற்றிக் குற்றம் நிரூபிக்க வழிசெய்த சட்டப்பிரிவைச் செல்லாது என்று சொன்னது. அது அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படையில் வந்த தீர்ப்பு, வேதத்தின் அடிப்படையில் அல்ல. ஆனாலும் அந்தப் பழைய கவலையும் இந்தப் புதிய கவலையும் ஒன்றுதான்.

இயேசு இதை மாற்றிவிட்டாரா?

இயேசு மலைப்பிரசங்கத்தில் ‘கண்ணுக்குக் கண்’ விதியை எடுத்துச் சொல்லி, தீமைக்குத் தீமை செய்யாதீர்கள் என்ற பொருளில் பேசுகிறார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிந்து கொல்ல வந்தவர்களைக் கலைந்துபோக வைக்கிறார். ஆனால் அந்தப் பெண்ணிடம் அவர் “நீ செய்தது சரி” என்று சொல்லவில்லை. இனி பாவம் செய்யாதே என்றுதான் அனுப்புகிறார்.

சிலுவையில் அவருக்குப் பக்கத்தில் தொங்கிய குற்றவாளியின் கதையும் இப்படித்தான். தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமானது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அவருக்கு விண்ணகம் வாக்களிக்கப்படுகிறது. ஆனால் சிலுவையிலிருந்து அவர் இறக்கப்படவில்லை.

இங்கேதான் கிறிஸ்தவச் சிந்தனை இரண்டாகப் பிரிகிறது. மேலே சொன்னவை தனிமனிதர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கானவை, அரசாங்கத்துக்கு அல்ல என்பது ஒரு தரப்பு. ரோமர் நிருபம் 12-ஆம் அதிகாரத்தில் பவுல், நீங்களே பழிவாங்காதீர்கள் என்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, தீமை செய்கிறவனைத் தண்டிக்க ஆட்சியாளர் கையில் வாள் இருக்கிறது என்கிறார். 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இதை வைத்தே, கடவுள் திருச்சபையை ஒரு விதமாகவும் அரசாட்சியை வேறு விதமாகவும் நடத்துகிறார் என்று விளக்கினார்.

மறுதரப்பு, அரசாங்கம் செய்தாலும் கொலை கொலைதானே என்று கேட்கிறது. மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் போன்ற சமாதானச் சபைகள் நூற்றாண்டுகளாக இந்தப் பக்கம் நிற்கின்றன.

‘திருத்தணும்’ என்பது புதுக் கருத்தா?

இல்லை. 1,600 ஆண்டுப் பழையது. வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன், 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்செல்லினுஸ் என்ற ரோம அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய திருச்சபையைச் சேர்ந்த ஒரு குருவை எதிர்க்குழு ஒன்று கொன்றிருந்தது, இன்னொரு குருவை ஊனமாக்கியிருந்தது. குற்றவாளிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அவர்களைக் கொல்லாதீர்கள், அவர்கள் செய்தது போலவே அவர்கள் உறுப்புகளை வெட்டாதீர்கள், பயனுள்ள வேலையில் போடுங்கள் என்று அகுஸ்தீன் கேட்டுக்கொண்டார். விட்டுவிடச் சொல்லவில்லை. திருந்துவதற்கு உயிர் வேண்டும் என்பதுதான் அவர் வாதம்.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வேறு விதமாகச் சொன்னார். அழுகிய உறுப்பை வெட்டினால்தான் உடல் பிழைக்கும் என்றால் வெட்டலாம். அதே போல் சமுதாயத்துக்கு ஆபத்தானவனை அரசு கொல்லலாம். இந்த உவமை பல நூற்றாண்டுகள் கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டைத் தீர்மானித்தது. 1870 வரை போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியிலேயே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வத்திக்கானின் சட்டத்திலிருந்து அது நீக்கப்பட்டது 1969-இல்தான்.

அப்படியென்றால் கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய நிலை?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தண்டனையின் நோக்கங்களை வரிசைப்படுத்துகிறது. முதலாவது, குற்றத்தால் குலைந்த ஒழுங்கைச் சரிசெய்வது. அடுத்து, மக்களின் பாதுகாப்பு. பிறகு, மருந்து போல் குற்றவாளியைக் குணமாக்குவது. குற்றவாளி தண்டனையை மனதார ஏற்றுக்கொண்டால் அது பாவப்பரிகாரமாகவும் ஆகிறது.

மரண தண்டனை விஷயத்தில் நிலைப்பாடு படிப்படியாக மாறியது. 1995-இல் இரண்டாம் ஜான் பால், மரண தண்டனை உண்மையில் தேவைப்படும் சந்தர்ப்பம் இன்று மிக அரிது, ஏறக்குறைய இல்லை என்று எழுதினார். 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் பத்தியையே மாற்றினார். மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல, அது மனித மாண்பின் மீதான தாக்குதல், உலகம் முழுவதும் அதை ஒழிக்கத் திருச்சபை பாடுபடும் என்பது புதிய வாசகத்தின் பொருள். காரணங்களில் ஒன்று நடைமுறை சார்ந்தது. இன்றைய சிறைகளே மக்களைப் பாதுகாக்கப் போதும், அதற்காகக் கொல்லத் தேவையில்லை.

சிறைத் தண்டனையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குற்றவாளிக்குத் திருந்தும் வாய்ப்பை ஒரேயடியாக மூடிவிடக் கூடாது என்பதே விஷயம்.

எல்லாச் சபைகளும் இதை ஏற்கின்றனவா?

இல்லை. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் மாநாடு 2000-ஆம் ஆண்டில், நேர்மையாகவும் சமமாகவும் நடத்தப்படும் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அதே நாட்டின் மெதடிஸ்ட் சபை 1956-லிருந்தே மரண தண்டனையை எதிர்க்கிறது. அங்குள்ள பெரிய லூத்தரன் சபையும் 1991-இல் எதிர்ப்பு நிலையை அறிவித்தது.

‘திருத்தம்’ என்ற சொல்லையே சந்தேகமாகப் பார்த்த கிறிஸ்தவர்களும் உண்டு. எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1949-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வாதத்தை வைத்தார். “நீ செய்த குற்றத்துக்கு இவ்வளவு தண்டனை” என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு. “உன்னைக் குணப்படுத்தும்வரை வைத்திருப்போம்” என்றால் அளவே இல்லை. குணமானானா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? தகுதிக்கேற்ற தண்டனை என்ற கருத்தை எடுத்துவிட்டால் நீதி என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போகும் என்றார் அவர்.

அவர் பயம் வீணானதல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், குவேக்கர்களின் செல்வாக்கோடு 1829-இல் திறக்கப்பட்ட சிறையில் கைதிகளைத் தனித்தனி அறைகளில் அடைத்தார்கள். தனிமையில் மனம் வருந்தித் திரும்புவார்கள் என்பது நல்ல நோக்கம்தான். 1842-இல் அங்கே போய்ப் பார்த்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், அந்தத் தனிமை உடல் சித்திரவதையைவிடக் கொடியது என்று கண்டித்தார்.

தோட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தில், வேலையை விட்டு ஓடிய தொழிலாளி சட்டப்படி குற்றவாளி. பிடித்துச் சிறையில் போடலாம். இந்தியர்களுக்கான அந்த ஒப்பந்த முறை மலாயாவில் 1910-இல்தான் முடிவுக்கு வந்தது. அந்தத் தண்டனை யாரைத் திருத்தியது? எதைப் பாதுகாத்தது? தண்டனை எதற்காக என்று கேட்கும்போது, யாருக்காக என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மன்னித்துவிட்டால் தண்டனை வேண்டாமா?

இதற்கு மூன்று உண்மைச் சம்பவங்கள் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

*முதலாவது, நம் வட்டாரத்தில்.* ஜப்பானியர் காலத்தில், சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்கள் பலர் ஆயர் அட்ரியன் டெவல்ஸ் தலைமையில் பகாவ் காட்டுக்குக் குடியேறினார்கள். மலேரியாவிலும் பசியிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். டெவல்ஸும் 1945 ஜனவரியில் காலமானார். அதே காலத்தில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயர் லியோனார்ட் வில்சன், 1943 அக்டோபரில் ஜப்பானிய இராணுவப் போலீஸிடம் சிக்கிக் கடும் சித்திரவதைக்கு ஆளானார். போர் முடிந்தபின் 1946-இல் அந்த வழக்கு விசாரிக்கப்பட்டு எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வில்சனோ, தன்னைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் மனம் மாறி வந்தபோது, தன் கையாலேயே அவருக்குத் திடப்படுத்தல் கொடுத்துச் சபையில் சேர்த்துக்கொண்டார். சட்டம் தன் வழியில் போனது. மன்னிப்பும் தன் வழியில் போனது.

*இரண்டாவது, ஒடிஷாவில்.* 1999 ஜனவரியில், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப் (10), திமோத்தி (6) ஆகியோரும் தூங்கிக்கொண்டிருந்த வண்டியோடு எரிக்கப்பட்டனர். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். ஆனால் மன்னிப்பு வேறு, சட்டத்தின் விளைவு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை ஒடிஷா உயர் நீதிமன்றம் 2005-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2011-இல் அதை உறுதிசெய்தது.

*மூன்றாவது, மத்தியப் பிரதேசத்தில்.* நிலமில்லாத ஏழைகளுக்காக உழைத்த அருட்சகோதரி ராணி மரியாவை, 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் சமுந்தர் சிங் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். ராணி மரியாவின் தங்கையும் ஒரு கன்னியாஸ்திரீதான். அவர் சிறைக்கே போய்ச் சமுந்தர் சிங்குக்கு ராக்கி கட்டி அண்ணனாக ஏற்றுக்கொண்டார். குடும்பமே அவருடைய விடுதலைக்காக மனு கொடுத்தது. 2006-இல் வெளியே வந்தார். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இந்தோரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்ட விழாவில் அவரும் இருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த மூன்று பேரும் தாங்களாகவே மன்னித்தவர்கள். “நீ கிறிஸ்தவன்தானே, மன்னிக்க வேண்டியதுதானே” என்று பாதிக்கப்பட்டவரை நெருக்குவது வேறு. வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணிடமும், துன்புறுத்தப்பட்ட பிள்ளையிடமும் அப்படிச் சொல்லி வழக்கை மூடி மறைத்தால் அது மன்னிப்பு அல்ல, இரண்டாவது அநீதி.

அந்த ‘ஐந்தாவது நோக்கம்’ என்ன?

எரிகோ நகரின் வரி வசூலிப்பவர் சக்கேயுவின் கதை பலருக்கும் தெரியும். மனம் மாறியதும் அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

இந்த எண்ணத்தை நவீனச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களில் கனடாவின் மென்னோனைட்டுகள் முக்கியமானவர்கள். 1974-இல் ஒண்டாரியோ மாநிலத்தின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் பல வீடுகளையும் வாகனங்களையும் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர் தந்த யோசனையை நீதிபதி ஏற்றார். இளைஞர்கள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, நேருக்கு நேர் பார்த்து, நட்டத்தைக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள். இன்று உலகெங்கும் ‘சீரமைப்பு நீதி’ என்று பேசப்படும் முறைக்கு இது ஒரு முக்கியத் தொடக்கம்.

எந்தச் சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை என்பது வழக்கமான கேள்வி. யாருக்கு வலித்தது, அதை யார், எப்படிச் சரிசெய்வது என்பது இந்த முறையின் கேள்வி. கொலையில் போன உயிரைத் திருப்பித் தர முடியாது. எல்லா வழக்குக்கும் இது பொருந்தாது. ஆனால் திருட்டு, அடிதடி, இளையோர் குற்றங்களில் இதற்கு இடம் உண்டு.

இது நமக்கு என்ன சம்பந்தம்?

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். 42.72 கிராம் ஹெரோயின். அவருடைய நுண்ணறிவு ஈவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. எச்சரிக்கை என்ற நோக்கத்தை நம்புகிறவர்கள், சட்டம் தெரிந்துதானே கொண்டுபோனார் என்றார்கள். மற்றவர்கள், சரக்கின் முதலாளி எங்கே, தூக்கியவன் மட்டும்தானே தொங்குகிறான் என்று கேட்டார்கள். தோட்டத்தை விட்டு வேலை தேடி எல்லை தாண்டும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

மலேசியாவில் 2018-லிருந்து மரண தண்டனை நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. திருத்தம் என்ற நோக்கத்துக்குச் சட்டத்திலேயே சில வாசல்களும் உண்டு. 2008-இல் பரோல் முறை வந்தது. சிறிய குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகக் கட்டாயச் சமூகப் பணிக்கு வழிசெய்யும் சட்டம் 1954-லிருந்தே இருக்கிறது. அரசியலமைப்பின் 42-ஆம் பிரிவின்படி மன்னிப்பு வழங்கும் அதிகாரமும் உண்டு. நெகிரி செம்பிலானில் நடந்த குற்றம் என்றால் அது யாங் டி பெர்துவான் பெசாரிடம் போகும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத மலேசியர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம்.

சபைகளின் பங்கு பெரும்பாலும் சிறைச் சந்திப்பிலும், வெளியே வந்தவருக்கு வேலையும் தங்குமிடமும் தேடித் தருவதிலும் இருக்கிறது. 1979-இல் தொடங்கப்பட்ட மலேசியன் கேர் போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் சிறைக் கைதிகளிடையே வேலை செய்கின்றன. தண்டனை முடிந்து வந்தவனுக்கு யாரும் வேலை தராவிட்டால், நீதிமன்றம் கொடுத்ததைவிட நீண்ட தண்டனையை ஊரே கொடுப்பதாக ஆகிவிடும்.

கடைசியாக

கிறிஸ்தவர்கள் வணங்குவது மரண தண்டனை பெற்ற ஒருவரை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் கொண்டாடும் புனித தேவசகாயமும் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அரச ஆணைப்படி கொல்லப்பட்டவர்தான். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம் என்பதை மறக்க முடியாத ஒரு சமயம் இது. அதே சமயம், குற்றத்தைக் குற்றம் என்று சொல்லத் தயங்காத சமயமும்கூட.

ஆகவே அந்த இரண்டு தோட்டத்து வாக்கியங்களில் எது சரி என்று கேட்டால், பெரும்பாலான கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளவே சொல்வார்கள். செய்ததற்குப் பதில் சொல்லட்டும். திருந்தி வரட்டும். வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவை மரண தண்டனை நிரந்தரமாக மூடுகிறதா என்பதில்தான் சபைகளுக்குள் இன்னும் வாக்குவாதம்.